ஆட்டத்துக்கு முன் எடுத்த படம்

இறுதி ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கோப்பையோடு படம் எடுத்துவிடுவது பத்திரிகைக்குப் படம் எடுக்கும் எங்கள் தொழிலில் தவறாகக் கருதப்படவில்லை. இரண்டு அணிகளையும் தனித்தனியாக நிறுத்தி, ஆளுக்கொரு முறை கோப்பையைக் கையில் கொடுத்து எடுப்போம். பிலிம் சுருள் பஸ்ஸில் போய்விடும். ஜெயித்தது யார் என்பதை மாலையில் தொலைபேசியில், ட்ரங்க் காலில் சொல்வோம். கோயம்புத்தூர் அலுவலகத்தில் உதவி ஆசிரியர் ஜெயித்தவர்கள் படத்தை அச்சுக்கு பிளாக் எடுக்க அனுப்பிவிட்டு, மற்றதை மேசை இழுப்பறையில் போடுவார். கோப்பையை ஏந்தியபடி தோற்றவர்கள் அந்த இழுப்பறையில் நிறையப் பேர் இருந்தார்கள்.

நான் வடகரப்பதிக்காரன். வாளையார் செக்போஸ்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளில் தொடங்கி மூணாறு மலைத் தோட்டங்கள் வரை, கேரளத்துக்குள் தமிழ் பேசும் ஊர்களின் படங்கள் என் பொறுப்பு. தேர், மாட்டுச் சந்தை, பள்ளி ஆண்டு விழா, சடுகுடு, வாலிபால், கால்பந்து. இரட்டை லென்ஸ் கேமரா, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். மலையில் எடுக்கும் படங்களுக்கு நேரத்தை முடிவு செய்வது ஆட்டம் அல்ல, பஸ். உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் கடைசி பஸ் மூன்றரை மணிக்கு. சுருளை உறையில் போட்டு கண்டக்டரிடம் கொடுத்தால், உடுமலையில் எங்கள் ஏஜென்ட் வாங்கிக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றுவார்.

அது எமர்ஜென்சி நடந்த காலம். பத்திரிகையில் வந்ததைவிட வராததைப் பற்றித்தான் ஜனங்கள் அதிகம் பேசினார்கள். ஒரு படத்தைப் பார்த்தால் அதன் ஓரத்தில் எது வெட்டப்பட்டிருக்கிறது என்று தேடும் பழக்கம் சாதாரண ஆட்களுக்கும் வந்திருந்தது. எங்கள் தொழில் வழக்கம் அந்தக் கண்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததில்லை.

சித்திரையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மூணாறுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், டிவிஷன்கள் எனப்படும் பிரிவுகளுக்கு இடையிலான கால்பந்து இறுதி ஆட்டம். பேக்டரி அணிக்கும் மேல் டிவிஷன் அணிக்கும். பேக்டரிக்குக் கீழே இருந்த மைதானத்தில் மூன்று மணிக்கு ஆட்டம். பேக்டரி அணியை நடத்தியவர் டீமேக்கர். தேயிலைத் தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பு, பேக்டரியில் யாரை வேலைக்கு எடுக்கலாம் என்று ஆபீசுக்குப் பேர் சொல்பவரும் அவர்தான். இரண்டு மணிக்கே அவருடைய ஆட்கள் சலவைச் சட்டையில் தயாராக இருந்தார்கள். மேல் டிவிஷன் ஆட்களைக் காணவில்லை. அவர்களை ஏற்றிவரத் தோட்டத்து லாரி போகவேண்டும். அது போகவில்லை என்று இரண்டரைக்குத் தெரிந்தது. அவர்கள் ஆறு மைல் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

டீமேக்கர் எனக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார். நல்ல டீ. பஸ் போய்விடும் என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது மணி இரண்டு நாற்பத்தைந்து. நான் எழுந்து பேக்டரி அணியை நிறுத்தி, அவர்கள் கேப்டன் கையில் கோப்பையைக் கொடுத்து, இரண்டு படம் எடுத்தேன். நல்ல வெயில். மூக்கின் நிழல் உதட்டில் விழுந்தது.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மேல் டிவிஷன் அணி, பூட்ஸ்களைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு, பாதி ஓட்டமாக வந்து சேர்ந்தது. தண்ணீர் குடித்தார்கள். விசில் ஊதிவிட்டார்கள். ஆட்டத்தில் சில படங்கள் எடுத்துக்கொண்டு, மூன்றே காலுக்கு மைதானத்தை விட்டு ஏறி, பேக்டரி வளைவில் பஸ்ஸை நிறுத்தி உறையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இடைவேளை ஆகியிருந்தது. இரண்டாவது பாதி தொடங்கி ஐந்து நிமிடத்தில் மழை பிடித்தது. மலையில் சித்திரை மழை சாய்ந்து அடிக்கும். புதுச் சுருள் போட்ட கேமராவை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மேல் டிவிஷன் கோலுக்குப் பின்னால் நின்றேன்.

அவர்களுடைய கோல்காப்பாளரை அந்த ஊரில் கோலி என்பார்கள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். உயரம் அதிகமில்லை. கைகள் மட்டும் இன்னொருவருடையவை போலப் பெரியவை. அன்று அவர் எட்டுப் பந்துகளைப் பிடித்தார். ஒன்பதாவது, ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில், வலது பக்கத்திலிருந்து தாழ்வாக வந்தது. விழுந்து இரண்டு கையாலும் பிடித்தார். பந்து நெஞ்சுக்கடியில் நழுவிக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். பேக்டரி ஜெயித்தது. தபாலாபீசுக்குப் போய் ட்ரங்க் காலில் அதைச் சொல்லிவிட்டு அன்றிரவு மூணாறில் தங்கினேன். செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில் படம் வந்தது. "கோப்பையை வென்ற மகிழ்ச்சியில் பேக்டரி அணியினர்" என்று கீழே போட்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து வட்டவடையில் பூண்டு ஏற்றுவதைப் படம் எடுக்க மீண்டும் மலையேறினேன். மூணாறில் நான் வழக்கமாகப் போகும் டீக்கடையில் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கிளாஸை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எலக்‌ஷன் எப்ப வரும்னு தெரியல. யாரு ஜெயிப்பாகன்னு படம் எடுத்து வச்சிருப்பீகளே சார். எங்களுக்கும் காட்டுங்க."

பெஞ்சில் இருந்த இருவர் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டேன். மேல் டிவிஷன் கோலி ஆட்டத்தை விற்றுவிட்டான், பேக்டரியில் வேலை வாங்கிக்கொண்டான், பேப்பர்காரனுக்கு முதலிலேயே தெரியும், படமே சாட்சி என்று மலை முழுக்கப் பேச்சு. கடைக்காரர் இதைச் சொன்னபோது எனக்குச் செய்தி சொல்பவர் மாதிரி சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததை எனக்கே சொல்பவர் மாதிரி சொன்னார்.

வட்டவடை ஜீப்பை விட்டுவிட்டு மேல் டிவிஷனுக்குப் போனேன். அவர்கள் அணியின் கேப்டன் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுபவர். வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைக்காமலே இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்தார். மடிப்புகளில் மை அழிந்திருந்தது.

"இந்த அஞ்சாம் நம்பர் சட்டைய மொத பாதியில நான்தான் பிடிச்சு இழுத்தேன். தோளோட கிழிஞ்சு என் கையில வந்துருச்சு. ரெப்ரீ என்னை ஏசுனாரு. இதுல பாருங்க, முழுசா இருக்கு. ஒருத்தன் மேலயும் சேறு இல்ல. நனையல. கோப்பை மட்டும் கையில இருக்கு."

அது எங்கள் வழக்கம், இரண்டு அணியையும் முன்கூட்டியே எடுத்து வைப்போம் என்றேன்.

"சரி. எங்களை எப்ப எடுத்தீக?"

நீங்கள் வர நேரமாகிவிட்டது என்றேன். லாரி வராது என்பதும் உங்களுக்கு முன்னாலேயே தெரியுமோ என்று கேட்டார். தெரியாது என்றேன். அன்று யார் கையால் டீ குடித்தீர்கள் என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மைதானத்தில் இருந்த எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

கோலியின் வீடு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் கடைசிக்கு முந்தினது. ஓர் அறை, பின்னால் சமையலுக்கு ஒரு மறைப்பு. அவர் பேர் பதியாத தற்காலிகத் தொழிலாளி, மருந்து அடிக்கும் வேலை. அம்மா கொழுந்து எடுப்பவர், நிரந்தரத் தொழிலாளி. அடுத்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. நிரந்தரப் பேர் வீட்டில் ஒருவருக்காவது இல்லையென்றால் அறையைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மகன் பேக்டரியில் இலை உலர்த்தும் மாடியில் காலியாக இருந்த ஓர் இடத்துக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிப் போட்டிருந்தார். எழுதிப் போட்டது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. வேலை ஆர்டர் வந்தது ஆட்டம் முடிந்த மூன்றாவது நாள். பத்திரிகை வந்ததற்கு மறுநாள். அது எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மா கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"டீ குடுக்கலன்னு நெனைக்காதீக. இந்த லயத்துல எங்க வீட்டு டீத்தண்ணிய இப்ப யாரும் குடிக்கறதில்ல. நீங்க வெளியூர்க்காரரு, உங்களுக்கும் எதுக்கு அந்தப் பழக்கம்."

மகன் கேட்டது ஒன்றுதான். அந்தப் படம் ஆட்டத்துக்கு முன்னால் எடுத்தது என்று பத்திரிகையில் ஒரு வரி வரவேண்டும். அது வந்தால் டிவிஷன் ஆட்கள் நம்புவார்கள். அவர் ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்த பிறகும் அவர்களோடு இருக்க முடியும். வராவிட்டால், வேலையை விட வேண்டும், இல்லையென்றால் எல்லோரையும் விட வேண்டும். இதை நிதானமாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன்: பந்தை வேண்டுமென்று விடவில்லை என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம்.

கோயம்புத்தூரில் உதவி ஆசிரியர் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே புரூப் திருத்தினார். நல்ல மனிதர். தேர்த் திருவிழாப் படங்களில் யாருடைய பட்டுத் துண்டும் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்பவர்.

"நம்ம படத்தை நாமளே இப்படீன்னு போட்டமுன்னா, நாளைக்குத் தேர்ப் படத்தையும் நம்ப மாட்டாங்க. விடுங்க" என்றார். நான் எழுந்தபோது தலை நிமிராமல் கேட்டார்: "அந்த ஆளு நெசமாவே விடலீன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது. இருட்டறைக்குப் போய் இரண்டாவது சுருளை எடுத்தேன். அது பஸ்ஸில் போகாமல் என்னோடு திரும்பி வந்தது. அதில் எதுவும் பத்திரிகைக்குத் தேவைப்படவில்லை. ஏழாவது படத்தில் கோலி கிடைமட்டமாக விழுந்திருக்கிறார். இரண்டு கைகளும் பந்துக்குப் பின்னால், விரல்கள் விரிந்து, எந்தக் கோலிக்கும் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் இருக்கின்றன. எட்டாவதில் பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. அவர் முகம் பந்தின் பக்கம் இல்லை. வலப்பக்கம், கோட்டுக்கு வெளியே திரும்பியிருக்கிறது. டீமேக்கரின் நாற்காலி அந்தப் பக்கம்தான் இருந்தது. பந்தை உதைத்தவர் வழுக்கி விழுந்து கிடந்ததும் அந்தப் பக்கம்தான். கோடு பார்ப்பவர் கொடியோடு நின்றதும் அங்கேதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஈரமான ஒரு கன்னமும் மூடியிருக்கலாம் என்று தோன்றிய ஒரு கண்ணும் தெரிந்தன. பிலிமைத் திருகி அடுத்த படத்துக்குத் தயார் செய்ய எனக்கு அன்று மூன்று விநாடியாவது ஆகியிருக்கும். நடந்தது அந்த மூன்று விநாடியில். அதை யாரும் எடுக்கவில்லை.

இரண்டையும் பிரின்ட் போட்டேன். ஏழாவதை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு என் செலவில் மலையேறினேன்.

மேல் டிவிஷனில் காலையில் பேர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகையில், பயிற்சிக்கு வந்த அணியும் வேறு சிலரும் இருந்தார்கள். பெண்கள் கொட்டகைக்கு வெளியே, கொழுந்து நிறுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கோலியின் அம்மாவும் அங்கே, மற்றவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி. கோலி தூணில் சாய்ந்து நின்றார். பத்திரிகையில் போட முடியவில்லை என்பதை முதலில் சொன்னேன். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பிறகு எங்கள் வழக்கத்தை மீண்டும் சொன்னேன்: இழுப்பறை, பஸ், ட்ரங்க் கால். அதையும் சட்டத்தில் எழுதியிருப்பதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்கள். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர்கள் சந்தேகப்பட்ட இருவரில் ஒருவரைப் பற்றிய சந்தேகம் பாதி சரி என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆள் கோலி அல்ல, நான்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றேன். "நீங்க வந்து சேர்ந்தப்ப சுருள்ல இன்னும் பத்துப் படம் மிச்சம் இருந்துச்சுங்க. ஒரு நிமிஷம் நில்லுங்கன்னு உங்களைக் கேட்டிருக்கலாம். கேக்கலீங்க. நீங்க தோத்துருவீங்கன்னு நெனச்சுட்டனுங்க. எனக்கு யாரும் சொல்லலை. நானாத்தான் நெனச்சேன்."

கேப்டன் என்னை நேராகப் பார்த்தார்.

"ஏன் அப்படி நெனச்சீக?"

நடந்து வந்திருந்தார்கள், களைத்திருந்தார்கள், பூட்ஸ் பழசு. இதைச் சொல்லவில்லை. தெரியவில்லை என்றேன். ஒருவர் மண்ணில் துப்பினார். என் மேல் இல்லை, ஆனால் வெகுதூரத்திலும் இல்லை. கோலியின் பக்கம் திரும்பவில்லை என்றாலும் கேப்டனின் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். கோபம் இடம் மாறிக்கொண்டிருந்தது. அப்போதே நான் கிளம்பியிருக்க வேண்டும். நான் பையைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

படம் கை மாறிப் போயிற்று. கை சரியாத்தான் இருக்கு என்றார் ஒருவர். பந்து ஈரம் என்றார் இன்னொருவர். மழையும் சேறும் அதில் தெரிந்ததால் இது எப்போது எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. கடைசியாகக் கேப்டன் கைக்கு வந்தது. அவர் முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே நான் பென்சிலால் எழுதியிருந்த ஏழு என்ற எண் இருந்தது.

"இதுக்கு அடுத்தது எங்க?"

இருக்கிறது, கொண்டுவரவில்லை என்றேன். ஏன் கொண்டுவரவில்லை என்று அவர் கேட்கவில்லை. படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கொட்டகையில் எல்லோரும் இப்போது மறுபடியும் கோலியைப் பார்த்தார்கள். கோலி என்னைப் பார்த்தார். எட்டாவது படத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அது இல்லாததால் அதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆகிவிட்டது.

கேப்டன் அவரிடம் மெதுவாகத்தான் பேசினார்.

"ஒண்ணும் வேண்டாம்லே. அந்த வேலைக்கு வரலன்னு ஆபீஸ்ல எழுதிக் குடு. அன்னைக்கே நீ விடலன்னு நாங்க எல்லாரும் சொல்லுதோம்."

கோலி பதில் சொல்வதற்குள் வெளியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவர் எழுந்துகூட நிற்கவில்லை.

"எழுதிக் குடுக்கட்டும். அடுத்த மாசம் ரூமக் காலி பண்ணுன்னு வருவாகள்ல, அப்ப உன் ரூம்ல பாதிய எங்களுக்குக் குடுப்பியா? கேக்கேன், சொல்லு."

கேப்டனுடைய அறையில் ஏற்கெனவே அவர் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரு சேலையை நடுவில் கட்டி இருந்தன. அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். வேறு யாராவது பேசுவார்களா என்று அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் கேமராப் பையின் வாரை இறுக்கினேன்.

"ஒண்ணாந்தேதி போறேன்ணே" என்றார் கோலி. "விட்டனா விடலையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க."

"அப்ப சட்டையக் குடுத்துரு" என்றார் கேப்டன்.

கோலி லயத்துக்கு ஏறிப் போனார். திரும்பி வரப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் யாரும் கொட்டகையை விட்டுப் போகவில்லை. துவைத்து மடித்த மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார். கேப்டன் அதை உதறி விரித்து, முன்னும் பின்னும் பார்த்து, காலரைத் திருப்பி உள்ளேயும் பார்த்துவிட்டு, தோளில் போட்டுக்கொண்டார். அணி மைதானத்துக்கு இறங்கியது.

கோலி எங்கே நிற்பது என்று தெரியாதவர் போல நிற்க, அம்மா அவர் பக்கத்தில் வந்தார்.

"சட்டைய எடுக்கையில ஆர்டர் பேப்பரு பெட்டியில இருந்துச்சா?"

"பாக்கலம்மா."

"கதவச் சாத்துனியா?"

அவர் யோசித்தார். அம்மா அதற்குமேல் காத்திருக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லயத்துப் படிகளில் வேகமாக ஏறத் தொடங்கினார். இரண்டு மூன்று வீட்டு வாசலில் நின்றவர்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள். அந்தப் பேப்பர் யார் கையிலாவது இருக்கிறதா என்று அவர்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஏறினார். கொஞ்சம் பின்னால் மகனும் போனார்.